விடச் சொல்லலையே

எக்ஸ்ரேக்கா வேலை நேரத்தில் அதிகம் பேசுவது இரண்டே வாக்கியங்கள். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பது ஒன்று. "ம், விடுங்க" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொத்தானை அமுக்குவாள். வருஷக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் "விடுங்க, விடுங்க" என்று முனகுவதாக அவள் கணவர் புகார் சொல்வார். யாரை, எதை விடச் சொல்கிறாள் என்று அவரும் கேட்டதில்லை, அவளுக்கும் தெரியாது.

எக்ஸ்ரேக்கா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷன் பெண் முதலில் 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். கூட்டம் நெரியும் நேரத்தில் அவ்வளவு நீளத்துக்கு வாயைத் திறக்க யாருக்குப் பொறுமை? சுருங்கி எக்ஸ்ரேக்கா ஆகிவிட்டது. மேனேஜர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேக்காதான்.

ஊரார் நெஞ்சுக்கூட்டையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். மகள் இருந்தாள். ஒரே மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய், ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். அவள் போன நாளிலிருந்து எக்ஸ்ரேக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள்.

பயம் என்றால் புலியைக் கண்டு ஓடுவது என்று யாராவது சொன்னால், அவருக்குப் பயத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. புலி வந்தால் ஓடலாம், மரம் ஏறலாம், ஒன்றும் முடியாவிட்டால் வாய்விட்டுக் கத்தலாம். எக்ஸ்ரேக்காவின் பயத்துக்குப் புலி கிடையாது. ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு நிற்கும்போது, அவ இன்னும் போனைப் பார்க்கலையே என்று ஒரு நினைப்பு வரும். அவ்வளவுதான். கை கால் ஓடாது. குக்கர் எத்தனை முறை கத்தினாலும் காதில் விழாது. யாரைப் பார்த்து ஓடுவது, யாரிடம் கத்துவது?

போதாக்குறைக்கு அந்தப் போன் வேறு. எல்லாம் தமிழில் இருக்கட்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டு மாற்றி வைத்தாள். அதுவே வினையாகப் போயிற்று. மகளின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கடைசியாகப் பார்த்தது' என்று நேரத்தோடு வரும். காணவில்லை என்று சுவரில் ஒட்டுவார்களே, நீலச் சட்டை அணிந்திருந்தார், கடைசியாகப் பார்த்தது பேருந்து நிலையத்தில் என்று, அதே பாஷை. ஆனால் அதைப் பார்த்தால்தான் மகள் போனைத் தொட்டிருக்கிறாள், தொட்டால் உயிரோடு இருக்கிறாள் என்று நிச்சயம். ஆகவே காலையில் கண் விழித்ததும் பார்ப்பாள், பஸ்ஸில் பார்ப்பாள், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் பார்ப்பாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். முதல் நாள் மாணவன் லாரிக்கு நேரே வண்டியை விட்டாலும், "பரவாயில்ல தம்பி, அடுத்து எப்படித் திருப்பறதுன்னு பாரு" என்று கொட்டாவி விடுகிற மனிதர். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எக்ஸ்ரேக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களுக்கென்ன, உங்க காலடியில ஒரு பிரேக் இருக்கு. நல்லாத் தூங்குவீங்க. அவளுக்கு ஒண்ணுன்னா நான் எதை மிதிக்கிறது?"

"எதையும் மிதிக்காத. விடு."

இந்த 'விடு'வைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கணவர் விடு என்பார். தங்கை போனில், "அட விடுக்கா, அவ என்ன சின்னக் குழந்தையா?" என்பாள். ரிசப்ஷன் பெண், "விடுங்கக்கா, எல்லாம் பாசிட்டிவா நெனைங்க" என்பாள். டாக்டரிடம் போனால் அவர் நாலு பரிசோதனை எழுதி, எல்லாம் நார்மல் என்று சொல்லி, "கவலையை விடுங்க" என்றார். எல்லாருக்கும் அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. எப்படி விடுவது என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் வாய் திறக்காது. கையில் பிடித்திருந்தால் விடலாம். இது அவளையல்லவா பிடித்திருந்தது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எல்லை தாண்டிப் போயிற்று. காலையிலிருந்து மகளின் பெயருக்குக் கீழே முந்தைய நாள் நேரமே நின்றது. போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். மகளுக்கு அறையை வாடகைக்கு விட்டவருக்கு அடித்தாள், அவரும் எடுக்கவில்லை. கடைசியில் மகளின் அறைக்குக் கீழே இருக்கும் சலவைக் கடையின் எண்ணை இணையத்தில் தேடிப் பிடித்து, "ஐயா, என் பொண்ணு கதவைத் திறக்க மாட்டேங்கறா, தயவு பண்ணி உடைச்சுப் பாருங்க" என்று அழுதாள். திறக்க மாட்டேன் என்று மகள் சொல்லவேயில்லை, யாரும் தட்டவும் இல்லை. பதற்றத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. சலவைக் கடைக்காரர் நல்ல மனிதர். தெருவில் போன இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறி, தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். உள்ளே மகள் தலைக்குக் குளித்துவிட்டு, தலையில் துண்டும் காதில் பாட்டுமாக, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் அந்தத் தெருவில் மகளின் பெயர் தாழ்ப்பாள். அலுவலகத்திலும் எப்படியோ கதை பரவி, "என்ன தாழ்ப்பாள், அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மகள் அழவில்லை, கத்தவும் இல்லை. அதுதான் எக்ஸ்ரேக்காவை அதிகம் கலக்கியது. முதலில், கடைசியாகப் பார்த்த நேரம் அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டாள். அதற்கப்புறமும் அம்மா விடாமல் அழைத்துக்கொண்டிருந்ததால், இந்தத் திங்கட்கிழமை போனில் நிதானமாகப் பேசினாள்.

"அம்மா, வர்ற சனிக்கிழமை லீவுக்கு வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் நீ எனக்குப் போன் பண்ணக்கூடாது. மெசேஜும் கூடாது. அப்பா போன்லேர்ந்தும் கூடாது, சித்தி மூலமாவும் கூடாது. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் நானே ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன். அதைப் பார்த்துக்கோ, சும்மா இரு."

"நீ அனுப்ப மறந்துட்டா?"

"மறந்தாலும் பண்ணக்கூடாது. பண்ணினே, நான் வரமாட்டேன். நம்பரையும் மாத்திடுவேன். புது நம்பர் உனக்குத் தரமாட்டேன். சத்தியமாச் சொல்றேம்மா, என்னால முடியல."

சொன்னதைச் செய்கிற பெண். சின்ன வயதில் கோபித்துக்கொண்டு பேசமாட்டேன் என்றால் பேசமாட்டாள். எக்ஸ்ரேக்காவுக்கு அது ஒன்றே போதும். பாதி ராத்திரியில் அழைத்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண் குரல் சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தாள். அதற்கு மேல் கற்பனை செய்யத் தைரியம் வரவில்லை.

திங்கள் கட்டைவிரல் வந்தது. செவ்வாய் வந்தது. புதன்கிழமை வந்த கட்டைவிரலைக் கணவரிடம் காட்டி, "பாருங்க, இன்னைக்குச் சீக்கிரமே அனுப்பிட்டா" என்று சிரித்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல விரல்" என்றார்.

வியாழக்கிழமை வரவில்லை.

சாயங்காலம் போய் இருட்டியும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். மகளின் பெயரில் விரலை வைப்பாள், எடுப்பாள். "மறந்திருப்பா, விடு" என்று சொன்ன கணவரை அவள் பார்த்த பார்வையில், அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அழைக்காவிட்டால் மகளுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. அழைத்தால் மகளே கிடையாது. இப்படி ஒரு கணக்கை எந்தப் பாவி கண்டுபிடித்தான் என்று விடியும்வரை திட்டிக்கொண்டே படுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழைக்காமல் இருந்துவிட்டாள் என்பதுதான் ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை காலை சென்டரில் திருவிழாக் கூட்டம். ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்குச் சேர்பவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேக்கா வந்ததும் வராததுமாக ஒரு கிழவரின் வலது முழங்கைக்குப் பதில் இடது முழங்கையைப் படம் எடுத்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். போனை எக்ஸ்ரே அறைக்குள் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம். அவள் கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

அடுத்து வந்தவர் தண்ணீர்த் தொட்டி வியாபாரி. மாடியில் வைக்கும் கறுப்புத் தொட்டி விற்கிறவர், ஆளும் ஏறக்குறைய அதே அளவு. சென்டரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். படபடப்பு என்று வருவார், எல்லாம் எடுப்பார், ஒன்றுமில்லை என்பார்கள், நம்பாமல் போய் மறுபடி வருவார்.

"மேடம், போன தடவை ஓரமா ஒரு நிழல் மாதிரி இருந்துச்சே, அதைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க."

"அது உங்க தோள்பட்டை எலும்புங்க. எல்லாருக்கும் இருக்கும்."

"இருந்தாலும் பாருங்க."

அவரைப் பலகையோடு நெஞ்சு ஒட்டி நிற்கவைத்து, கையை இடுப்பில் வைக்கச் சொல்லி, தோளை முன்னால் தள்ளிவிட்டு, ஈயக் கதவுக்குப் பின்னால் வந்தாள்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க."

பொத்தானை அமுக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கீபோர்டு அடியில் போன் உறுமியது.

மகள்! எக்ஸ்ரேக்கா பாய்ந்து எடுத்தாள். மகள் இல்லை. 'பதற்றமா? பயமா? ஒரு நிமிடம் ஒதுக்கி மூச்சு விடுங்கள்!' என்று ஒரு தாமரைப்பூப் படத்தோடு வந்திருந்தது. மனதை அமைதிப்படுத்தும் செயலி. ரிசப்ஷன் பெண்தான், "சூப்பரா இருக்கும்க்கா" என்று போன வாரம் ஏற்றிவிட்டிருந்தாள்.

எக்ஸ்ரேக்காவுக்கு வந்த கோபம் இன்னதென்று இல்லை. ராத்திரியெல்லாம் ஒரு கட்டைவிரலுக்குத் தவம் கிடந்தவளுக்குத் தாமரைப்பூவா? இதை இந்த நிமிடமே ஒழித்துக்கட்டுகிறேன் என்று அந்தச் செயலியை அழுத்திப் பிடித்தாள். 'நீக்க வேண்டுமா?' என்றது. ஆம். 'எங்களை விட்டுப் பிரிய நிச்சயமாக விரும்புகிறீர்களா?' ஆமாம்டா, ஆம். 'ஏன் பிரிகிறீர்கள் என்று சொன்னால்...' சொல்லமாட்டேன், போ. விரல் தப்பான இடத்தில் பட, அது மறுபடி முதலிலிருந்து மூச்சு விடுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொம்மென்று சத்தம்.

நிமிர்ந்தாள். தொட்டி வியாபாரி பலகையைக் கட்டிப்பிடித்தபடி முட்டி மடங்கிச் சரிந்துகொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறம். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் பிதுங்கியிருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

"விடுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். "ஐயோ, விடுங்க, விடுங்க!"

லாரி பிரேக் போட்டதைப் போல ஒரு பெரிய சத்தத்தோடு அவர் மூச்சை விட்டார். தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாங்கி வாங்கி விட்டார்.

"ஏங்க, அதுக்குன்னு இவ்வளவு நேரமா பிடிச்சுட்டு நிப்பீங்க?" பயத்தில் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்க விடச் சொல்லலையே" என்றார் அவர்.

"சொல்லலைன்னா? உசுரு போற வரைக்கும் நிப்பீங்களா?"

"நான் என்னத்தைக் கண்டேன் மேடம்? எதையோ கண்டுபிடிச்சுட்டீங்க, அதான் ரொம்ப நேரம் உத்துப் பார்க்கறீங்கன்னு நெனச்சேன். நடுவுல விட்டுட்டா படம் கெட்டுப் போயிடும்ல?" அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கு ஏன் திட்டுகிறார்கள் என்று புரியாத குரல். பயந்தவர்களைப்போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் உலகத்தில் கிடையாது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். வயதில் சின்னவர், கோபப்பட்டாலும் 'அக்கா' என்று கூப்பிடுவதை விடமாட்டார். எக்ஸ்ரேக்காவின் கையில் போன் அப்போதும் மூச்சுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. மேனேஜர் உள்ளங்கையை நீட்டினார்.

"சார், இன்னைக்கு மட்டும்... என் பொண்ணு..."

"பொண்ணுக்கு என்னக்கா? உடம்பு சரியில்லையா?"

என்னவென்று சொல்வாள்? விபத்தா, காய்ச்சலா, ஒன்றாவது கையில் இருந்தால் சொல்லலாம். ஒரு கட்டைவிரல் வரவில்லை சார் என்று சொன்னால் சிரிக்கமாட்டாரா? அவளுக்கே சிரிப்பாக இருந்திருக்கும், வேறு யாருக்காவது நடந்திருந்தால்.

"ஒண்ணுமில்ல சார்" என்று போனைக் கொடுத்தாள்.

மேனேஜர் அதை ரிசப்ஷன் மேஜையின் டிராயரில் போட்டுப் பூட்டினார். தொட்டி வியாபாரியை எதிரில் உட்காரவைத்து, படபடப்பு அடங்கியதும் மறுபடி எடுங்கள் என்று சொல்லிவிட்டு, சாவியோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

எக்ஸ்ரேக்கா அடுத்து ஒருவரைப் படம் எடுத்தாள். "விடுங்க" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். அவரை அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, டிராயருக்குள் போன் உறுமும் சத்தம் கேட்டது.

மரப்பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதைப் போலிருந்தது. நின்றது. உடனே மறுபடி உறுமியது. இது செயலி இல்லை, யாரோ அழைக்கிறார்கள். விடாமல் அழைக்கிறார்கள். எக்ஸ்ரேக்கா டிராயரைப் பிடித்து இழுத்தாள். குலுக்கினாள். மேஜையே ஆடியது.

"அக்கா, உடைஞ்சிடப் போகுது!"

"இதுக்கு வேற சாவி கிடையாதா?"

"அவர்கிட்டதான்க்கா இருக்கு. விடுங்க, வந்துடுவாரு."

"இன்னொரு தரம் விடுன்னு சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்!"

ரிசப்ஷன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். காத்திருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரேக்காவுக்கு வெட்கமாக இல்லை. கதவு திறக்காத அறை ஒன்று, உள்ளே துடித்துக்கொண்டிருக்கும் ஒன்று, வெளியே நின்று தாழ்ப்பாளை உடைக்கப் பார்க்கும் பைத்தியக்காரி. போன மாதம் தொலைவிலிருந்து செய்ததை இன்று நேரிலேயே செய்துகொண்டிருந்தாள்.

உறுமல் நின்றது. நின்றதும் இன்னும் பயமாக இருந்தது. அழைத்தவர்கள் விட்டுவிட்டார்களா, இல்லை...

மேஜையில் இருந்த சென்டரின் போன் மணி அடித்தது. ரிசப்ஷன் பெண் எடுத்து, "ஆமா... இருக்காங்க... இல்லங்க, நல்லாத்தான்..." என்று இழுத்து, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எக்ஸ்ரேக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குத்தான். ஒரு பொண்ணு. அழறாங்க."

மகளுக்கு அறை கொடுத்தவரின் மனைவியா? ஆஸ்பத்திரியா? ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா? அம்மாவா? அம்மா, பேசும்மா!"

மகள்தான்.

"கண்ணு, என்னடி ஆச்சு? எங்க இருக்க? யாரு என்ன பண்ணாங்க?"

"உனக்கு என்னம்மா ஆச்சு?" மகள் விக்கினாள். "நேத்து ஆபீஸ்லேர்ந்து வந்ததும் படுத்துத் தூங்கிட்டேன். ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன். விரல் அனுப்ப மறந்துட்டேன். காலையில எழுந்து பார்த்தா உன்கிட்டேர்ந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்ல! ஒண்ணுகூட இல்லம்மா!"

"நீதானேடி பண்ணக்கூடாதுன்னு சொன்ன?"

"சொன்னா? என்னைக்கு நீ நான் சொன்னதைக் கேட்டிருக்க? நான் விரல் அனுப்பலைன்னா நீ பண்ணாம இருப்பியா? மயக்கம் போட்டு விழுந்துட்டியோ, என்னவோன்னு... போன் அடிக்கறேன் அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கற. அப்பா கிளாஸ்ல இருக்காரு போல, சுவிட்ச் ஆஃப். சித்தியை நம்ம வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிட்டேன். திறக்கலைன்னா கதவை உடைக்கச் சொல்லிட்டேன்..."

எக்ஸ்ரேக்காவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இந்நேரம் தங்கை இவள் வீட்டு வாசலில் வந்து நின்று பூட்டை ஆட்டிக்கொண்டிருப்பாள். உயிரோடிருக்கிறாள் மகள், காலில் விழுந்து கும்பிடலாம் போன்ற நிம்மதி. அந்த நிம்மதி முழுசாக வந்து இறங்குவதற்குள் வேறொன்று வந்து குத்தியது. மகளின் மூச்சு காதுக்குள் இரைத்தது. சின்னச் சின்னதாக, மேலோட்டமாக, உள்ளே போகாமல். அந்த மூச்சை எக்ஸ்ரேக்காவுக்குத் தெரியும். நேற்று ராத்திரி முழுக்க அவள் விட்ட மூச்சு அது. கண், மூக்கு, பிடிவாதம் எல்லாம் அப்பாவைக் கொண்டு பிறந்த பெண்ணுக்கு, அம்மா பங்குக்கு இதைத்தான் கொடுத்திருக்கிறாள். பாவி, போயும் போயும் இதையா?

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வந்தது. டிராயர் மேல், தாமரைப்பூ மேல், விடு விடு என்றவர்கள் மேல். கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது.

"கண்ணு, இங்க பாரு. எனக்கு ஒண்ணுமில்ல. நின்னுட்டிருக்கேன், பேசிட்டிருக்கேன்."

"கை நடுங்குதும்மா. நெஞ்சை அடைக்குது."

"தெரியும். நான் சொல்ற மாதிரி செய். மூச்சை நல்லா இழு."

மகள் இழுப்பது கேட்டது.

"ம், பிடி."

மகள் பிடித்தாள். அந்த முனையில் சத்தமே இல்லை. சொன்னவுடன் எவ்வளவு சமர்த்தாகப் பிடித்துக்கொண்டாள்! சின்னதில் தெருவைக் கடக்கும்போது கையைப் பிடி என்றால் பிடிப்பாள், அந்தப் பக்கம் போன பிறகும் விடமாட்டாள். போதும் விடு என்று தான் என்றைக்காவது சொன்னோமா? எக்ஸ்ரேக்கா யோசித்தாள். ஒரு நாளாவது? ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு யோசித்துக்கொண்டே நின்றாள்.

"மேடம்!" எதிர் நாற்காலியிலிருந்து தொட்டி வியாபாரி பதறி எழுந்தார். "விடச் சொல்லுங்க மேடம்! மறுபடியும் மறந்துட்டீங்க!"

"விடு!" என்றாள் எக்ஸ்ரேக்கா. "விடு கண்ணு, விட்டுடு."

மகள் விட்டாள். நீளமான மூச்சு. அது முடியும்போதுதான் தானும் பிடித்துக்கொண்டிருந்ததை எக்ஸ்ரேக்கா கவனித்தாள்.

பிறகு மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கு வரேம்மா."

"வா. முதல்ல சித்திக்குப் போன் பண்ணு. அவ கதவை உடைச்சா உங்கப்பா என்னைத்தான் கேட்பாரு."

"இனிமே விரல் யாரு யாருக்கு அனுப்பறது?"

"வா, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லி எக்ஸ்ரேக்கா ரிசீவரை வைத்தாள். வைத்தவுடன், வந்து சேரும்வரை பஸ் எப்படிப் போகுமோ, டிரைவர் தூங்காமல் ஓட்டுவானா என்ற நினைப்பு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. சனியனே, ஒரு நிமிடமாவது விடேன் என்று அதைத் திட்டினாள். அது போகவில்லை. சரி, இரு என்று அதையும் கூட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போனாள்.

"வாங்க, எடுத்துடலாம்."

தொட்டி வியாபாரி பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார். இடுப்பில் கை வைத்தார். தோளைத் தானே முன்னால் தள்ளிக்கொண்டார். அவள் கதவுப் பக்கம் திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஒருவேளை நீங்க மறுபடியும் மறந்துட்டீங்கன்னா, நானா விட்டுக்கலாமா?"

எக்ஸ்ரேக்கா நின்றாள்.

"விட்டுக்கலாம்" என்றாள். "நான் சொல்லணும்னு காத்திருக்காதீங்க."

ஈயக் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானிடம் போனாள்.